ஆபரேஷன் சக்ஸஸ்... யார் கணக்கில்?

"ஆபரேஷன் சக்ஸஸ், ஆனா பேஷண்ட்தான் அவுட்." இந்த டாக்டர் ஜோக்கை நம்ம வாரப் பத்திரிகைகள் எத்தனை தடவை போட்டிருக்கும் என்று எண்ணினால் அதுவே ஒரு ஃபைனல் இயர் ப்ராஜெக்ட் ஆகிவிடும். ஜோக்கில் வரும் ஆள் செத்துப் போய்விடுவதால் கணக்கு அங்கேயே முடிந்துவிடுகிறது. எனக்கு யோசனையெல்லாம் சாகாதவர்களைப் பற்றித்தான். கட்டி போயாச்சு, தையல் பிரிச்சாச்சு, டிஸ்சார்ஜ் ஷீட்டில் எல்லாம் நலம் என்று எழுதியும் கொடுத்தாச்சு. ஆனால் வீட்டில் இலை போட்டு உட்கார்ந்தால் ஒரு பக்கக் கன்னம் மட்டும் மழையில் நனைந்த மாதிரி வேர்க்கிறது. இந்த ஆளை எந்தப் பக்கம் எழுதுவது? பற்றா, வரவா?

பதிவு கொஞ்சம் நீளம், டீ வாங்கிட்டு வந்து உட்காருங்க. "பி.காம் படிக்கிற பயலுக்குக் காது மூக்கு தொண்டையில் என்னடா வேலை?" என்று என் கிளாஸ் மக்கள் பின்னூட்டத்தில் கும்மி அடிப்பதற்கு முன்னாலேயே சொல்லிவிடுகிறேன். காரணம் ரெண்டு. ஒண்ணு என் மாமா. இன்னொண்ணு, இந்த "வெற்றி சதவீதம்" என்கிற சமாச்சாரம் மருத்துவத்தைவிட நம்ம கணக்கியலுக்குத்தான் நெருங்கின சொந்தம். வருஷ லாபம் எவ்வளவு என்று முதலாளி கேட்டால், "உங்களுக்கு எவ்வளவு வேணும் சார்?" என்று திருப்பிக் கேட்பவர்தான் நல்ல அக்கவுண்டண்ட் என்று எங்கள் புரொஃபசர் சொல்வார். டாக்டர் சொல்லும் சதவீதத்திலும் அதே மாதிரி ஒரு கேள்வி ஒளிந்திருக்கிறது.

முதலில் இடத்தைக் காட்டிவிடுகிறேன். பொன்னுக்கு வீங்கி வந்தால் காதுக்குக் கீழே புஸ்ஸென்று வீங்குமே, அதுதான் பரோட்டிட் சுரப்பி. பரோட்டாவுக்கும் இதற்கும் பெயரில் சம்பந்தமில்லை, பரோட்டாவைப் பார்த்ததும் வாயில் ஊறுவதில் நிச்சயம் சம்பந்தம் உண்டு :-) கிரேக்க மொழியில் அந்தப் பெயருக்கு "காதுக்குப் பக்கத்தில்" என்றுதான் அர்த்தம். பெயரில் மட்டும் பக்கமில்லை. முகத்தை அசைக்கிற நரம்பு காதுக்குப் பின்னால் இருக்கும் எலும்புக்குள் புகுந்து, நடுக்காதை ஒட்டி வளைந்து, காதடியில் வெளியே வந்து, நேராக இந்தச் சுரப்பிக்குள் நுழைந்து அஞ்சு கிளையாகப் பிரிகிறது. கண்ணை மூடுவது, சிரிப்பது, உதட்டைக் குவிப்பது எல்லாம் அந்தக் கிளைகளின் உபயம்.

அதே நரம்பிலிருந்து பிரியும் ஒரு மெல்லிய இழை இன்னும் விசேஷம். அது செவிப்பறைக்குப் பின்னால், சுத்தி எலும்புக்கும் பட்டடை எலும்புக்கும் நடுவே, கொடிக்கம்பி மாதிரி குறுக்கே ஓடுகிறது. நாக்கின் முன்பக்கத்து ருசி இதன் வழியாகத்தான் மூளைக்குப் போகிறது. தாடைக்கு அடியிலும் நாக்குக்கு அடியிலும் உள்ள உமிழ்நீர்ச் சுரப்பிகளுக்கு "சுரக்கலாம்" என்ற உத்தரவும் இதன் வழியாகத்தான் வருகிறது. அதாவது காதில் ஆபரேஷன் செய்தால் நாக்கில் தெரியலாம். கன்னத்தில் ஆபரேஷன் செய்தால் உதட்டில் தெரியலாம். இந்த வயரிங் தெரியாமல் கையெழுத்துப் போடுகிறவர்கள்தான் நம்மில் அநேகம் பேர்.

இனி மாமா. தஞ்சாவூர்ப் பக்கம் தனியார் பஸ்ஸில் கண்டக்டர். ரெண்டு வருஷத்துக்கு முன் காதுக்குக் கீழே நெல்லிக்காய் அளவு கட்டி. வலியே இல்லை, அதனால் ரொம்ப நாள் கண்டுகொள்ளவும் இல்லை. கடைசியில் ஊசி போட்டு எடுத்துச் சோதித்ததில் புற்றுநோய் இல்லை, ஆனால் எடுத்துவிட வேண்டிய ரகம் என்று தெரிந்தது. (இந்த வகைக் கட்டியை வருஷக்கணக்கில் விட்டுவைத்தால் சிலருக்கு அது புற்றாக மாறும், அதனால் எடுப்பதுதான் சரி.) ஒரு ஆஸ்பத்திரியில் எடுத்தார்கள். பெயர் வேண்டாம், அங்கே மட்டும் நடக்கிற விஷயமும் இல்லை. சுத்தமாக எடுத்தார்கள், நரம்பையும் அறுக்கவில்லை. நாலாவது நாள் வீட்டில் இருந்தார்.

வேலைக்குத் திரும்பின அன்று விசில் அடிக்க முடியவில்லை.

வாயின் ஒரு ஓரம் சரியாக மூடவில்லை. ஊதினால் காற்று அந்த ஓரமாக ஒழுகிப் போகிறது. ஒரு விசில் நிறுத்து, ரெண்டு விசில் போகலாம் என்று பழகின டிரைவருக்கு இவர் பஸ்ஸின் தகரத்தைத் தட்டித்தான் சொல்ல வேண்டியிருந்தது. காலேஜ் பசங்க சிரிக்கிறாங்க என்று கொஞ்ச நாள் லீவு போட்டார். நாலு மாசத்தில் அது தானாகச் சரியாகிவிட்டது. நரம்பை ஒதுக்கும்போது அது இழுபட்டு மரத்துப் போவது சகஜம். இந்த ஆபரேஷனுக்குப் பின் நூற்றுக்கு இருபது முப்பது பேருக்காவது முகத்தில் எங்காவது தற்காலிகத் தளர்ச்சி வருகிறது. நிரந்தரமாக நிற்பது சில சதவீதம் பேருக்குத்தான். காது மடலின் கீழ்ப்பகுதி அவருக்கு இன்னும் மரத்துத்தான் இருக்கிறது. ஷேவிங் பண்ணும்போது அங்கே பிளேடு பட்டால், கண்ணாடியில் ரத்தத்தைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்கிறார்.

எட்டாவது மாசம்தான் பெரிய பயம் வந்தது. சாப்பிட உட்கார்ந்தால், முக்கியமாக ஊறுகாயைத் தொட்டால், ஆபரேஷன் செய்த கன்னம் சிவந்து வேர்க்க ஆரம்பித்தது. கட்டி திரும்ப வந்துவிட்டது, உள்ளேயிருந்து என்னமோ கசிகிறது என்று அவரே முடிவு கட்டிக்கொண்டார். யாரிடமும் சொல்லவில்லை. பஸ் ஸ்டாண்டு ஹோட்டலில் எல்லோரோடும் சாப்பிடுவதை நிறுத்தி, டிபன் பாக்ஸோடு பஸ்ஸுக்குள்ளேயே உட்கார்ந்துவிடுவார். அத்தைக்கே தாமதமாகத்தான் தெரியும்.

இந்த வேர்வைக்கு நூறு வருஷத்துக்கு முன்னாலேயே விளக்கம் கிடைத்துவிட்டது. போலந்து நாட்டு நரம்பியல் மருத்துவர் லூட்சியா ஃப்ரெய் 1923ல் இதை எழுதினார். குண்டடி பட்டு, கன்னத்தில் சீழ் பிடித்து ஆறின ஒரு சிப்பாய்க்குச் சாப்பிடும்போதெல்லாம் கன்னம் வேர்ப்பதைப் பார்த்து, எந்த நரம்பின் வேலை அது என்று கண்டுபிடித்தவர் அவர். சுரப்பிக்குப் போகிற நரம்பு இழைகள் அறுபட்டால் சும்மா இருப்பதில்லை, மறுபடி வளர்கின்றன. ஆனால் போகவேண்டிய வீடு இடிக்கப்பட்டுவிட்டது. பக்கத்து வீடான வேர்வைச் சுரப்பியின் கதவைத் தட்டிவிடுகின்றன. ரெண்டு சுரப்பிக்கும் உத்தரவு ஒரே ரசாயனத்தில் எழுதப்படுவதால் வேர்வைச் சுரப்பியும் மறுபேச்சில்லாமல் கீழ்ப்படிகிறது. "எச்சில் ஊறு" என்றால் கன்னம் வேர்க்கிறது. நரம்பு வளர மாசக்கணக்கில் ஆகும், அதனால்தான் தையல் பிரித்து, செக்கப் எல்லாம் முடிந்து, எல்லோரும் மறந்த பிறகு வருகிறது. (ஃப்ரெய் ஒரு யூதர். லுவோவ் நகரின் யூத கெட்டோவில் அடைக்கப்பட்ட அவர் 1942ல் இறந்ததாகக் கருதப்படுகிறது. அவர் பெயரில் ஒரு வேர்வைதான் மிச்சம் என்று நினைத்தால் என்னமோ போல இருக்கிறது.)

இதில் கணக்குப் பண்ணுகிறவர்கள் கவனிக்கவேண்டிய இடம் ஒன்று உண்டு. "உங்களுக்கு வேர்க்குதா?" என்று கேட்டு எண்ணினால் ஒரு எண் வரும். கன்னத்தில் அயோடின் தடவி, காயவிட்டு, மேலே ஸ்டார்ச் மாவு தூவி, எலுமிச்சை சாப்பிடக் கொடுத்துப் பார்த்தால் வேறு எண் வரும். வேர்த்த இடமெல்லாம் கருநீலமாகிவிடும், மறைக்க முடியாது. இரண்டாவது எண் முதல் எண்ணைவிடப் பல மடங்கு பெரிசு. கேட்கவே கேட்காமல் விட்டால் பூஜ்யம். மூன்று எண்களும் ஒரே கன்னங்களைப் பற்றியவைதான்!

முகத்தளர்ச்சியை அளக்க 1985லிருந்து ஹவுஸ்-பிராக்மேன் அளவுகோல் என்று ஒன்று இருக்கிறது. ஒன்று என்றால் இயல்பு, ஆறு என்றால் அசைவே இல்லை. முழு முகத்தையும் சேர்த்துப் பார்த்து ஒரே எண் போடுவார்கள். ஒன்றையும் இரண்டையும் சேர்த்து "நல்ல முடிவு" என்று எழுதுவது வழக்கம். கண் மூடுகிறது, நெற்றி சுருங்குகிறது, உதட்டின் ஒரு ஓரம் மட்டும் கொஞ்சம் தளர்ச்சி என்றால் அவர் அநேகமாக நல்ல முடிவில்தான் சேருவார். கண்டக்டருக்கு அந்த ஓரம்தான் பிழைப்பு. நாகஸ்வரம் வாசிக்கிறவருக்கு இன்னும் மோசம்.

சரி, காதுக்குப் போவோம். நம்ம நாட்டில் இது சின்ன விஷயமில்லை. காதில் நாள்பட சீழ் வடிகிற நோய் மிக அதிகமாக உள்ள நாடுகளின் வரிசையில் இந்தியாவை உலக சுகாதார நிறுவனம் 2004 அறிக்கையில் வைத்தது. ஓட்டை விழுந்த செவிப்பறைக்குக் காதுக்கு மேலே இருக்கும் தசையின் மெல்லிய உறையை எடுத்து ஒட்டுப் போடுவார்கள். "தொண்ணூறு பர்சண்ட் சக்ஸஸ்" என்று சொன்னால் பெரும்பாலும் அதற்கு அர்த்தம் ஒட்டு பிடித்துக்கொண்டது என்பதுதான். காது கேட்கிறது என்று அர்த்தமில்லை. அது தனிக் கணக்கு.

அந்தத் தனிக் கணக்கிலும் வித்தை இருக்கிறது. டெசிபல் எண்ணை ரேங்க் மாதிரி வைத்துக்கொள்ளுங்கள், எண் சின்னதாக இருந்தால் நல்லது. காற்று வழியாக எவ்வளவு கேட்கிறது, எலும்பு வழியாக எவ்வளவு கேட்கிறது என்று ரெண்டு அளவு எடுப்பார்கள். ரெண்டுக்கும் உள்ள இடைவெளிதான் செவிப்பறையும் சின்ன எலும்புகளும் பண்ணுகிற தகராறு. ஆபரேஷனுக்குப் பின் அந்த இடைவெளி 20 டெசிபலுக்குள் வந்தால் பல ஆய்வுகளில் அது வெற்றி. ஒருத்தருக்கு எலும்பு வழி 30, காற்று வழி 60 என்று வைப்போம். இடைவெளி 30. ஆபரேஷனுக்குப் பின் காற்று வழி 50 ஆகிறது. இடைவெளி 20, புத்தகப்படி வெற்றி. ஆனால் அவருடைய அடுத்த காது 20ல் நன்றாகக் கேட்கிறது. அன்றாட வாழ்க்கையில் அவர் அந்தக் காதை வைத்துத்தான் ஓட்டுகிறார். 60 ஐ 50 ஆக்கினது அவருக்குத் தெரியவே தெரியாது.

இதை மருத்துவர்களே கவனித்துவிட்டார்கள் என்பதைச் சொல்லாமல் விட்டால் அநியாயம். 1985ல் பெல்ஃபாஸ்ட் மருத்துவர்கள் ஒரு எளிய விதி சொன்னார்கள். ஆபரேஷன் செய்த காது 30 டெசிபலுக்குள் வரவேண்டும், அல்லது அடுத்த காதிலிருந்து 15 டெசிபல் வித்தியாசத்துக்குள் வரவேண்டும். அப்போதுதான் பேஷண்டுக்கு ஏதாவது பலன் தெரியும். மேலே சொன்ன ஆள் ரெண்டிலும் ஃபெயில். 1991ல் கிளாஸ்கோவில் ரெண்டு காதையும் ஒரே படத்தில் வைத்துப் பார்க்கிற முறை ஒன்றைக் கொண்டுவந்தார்கள். அதன்படி பார்த்தால், ஆபரேஷன் செய்யும் முன்னாலேயே "இந்த ஆளுக்கு எவ்வளவு சரியாகச் செய்தாலும் பலன் தெரியாது" என்று சில பேருக்குச் சொல்லிவிடலாம்.

இன்னொரு வேடிக்கை. ஆபரேஷனில் உள்காது கெட்டு, எலும்பு வழி 30ல் இருந்து 45 ஆகிவிட்டது, காற்று வழி அதே 60 என்றால் இடைவெளி 15. வெற்றி! கடை எரிந்ததால் கடையின் கடனும் தீர்ந்த மாதிரி. இப்படி நடக்கக் கூடாது என்றுதான் எலும்பு வழி அளவு மாறினதையும் தனியாகக் காட்டச் சொல்லி அமெரிக்கக் காது மூக்கு தொண்டை சங்கம் 1995ல் விதிமுறை போட்டது. இருப்புநிலைக் குறிப்புக்கு அடியில் நோட்ஸ் படிக்காமல் ஷேர் வாங்காதே என்று நமக்குச் சொல்லிக் கொடுப்பது இதே காரணத்துக்காகத்தான்.

அங்கவடி எலும்பு இறுகிப்போகிற நோயில் கதை நல்லவிதமாக இருக்கிறது. 1956ல் மெம்ஃபிஸில் ஜான் ஷியா அந்த எலும்பை எடுத்துவிட்டு டெஃப்லானில் செய்த துண்டை வைத்தார். இன்றைக்கு நல்ல கைகளில் பத்துக்கு ஒன்பது பேருக்கு இடைவெளி 10 டெசிபலுக்குள் மூடிவிடுகிறது. நூற்றில் ஒருவருக்கு, அல்லது அதற்கும் குறைவானவர்களுக்கு, அந்தக் காது முழுசாகப் போய்விடும். மோசமான காதை முதலில் செய்வது இதனால்தான். ஆனால் ஆபரேஷனின்போது இடத்தை மறைக்கிற அந்தக் கொடிக்கம்பி நரம்பை ஒதுக்கியோ சில சமயம் அறுத்தோதான் வேலை செய்ய முடியும். காது நன்றாகக் கேட்கும், ஆனால் சில மாசத்துக்குக் காப்பி தகரத்தை நக்கின மாதிரி இருக்கும். அநேகம் பேருக்குப் போய்விடும். ஒரு சமையல் மாஸ்டருக்கு இதை முன்னாலேயே சொல்ல வேண்டுமா வேண்டாமா?

நான் டாக்டர்களுக்கு எதிராக எழுதுகிறேன் என்று நினைக்காதீங்க. காதுக்குள் தோல் தப்பான இடத்தில் வளர்ந்து எலும்பை அரிக்கும் கொலஸ்டியடோமா என்ற நோயில் டாக்டர் கட்சிதான் சரி, நம்ம கட்சி தப்பு. அது மூளைக்குச் சீழைக் கொண்டுபோய்ச் சேர்க்கக்கூடிய நோய். அங்கே ஆபரேஷன் காதைக் காய வைக்கவும் உயிரைக் காப்பாற்றவும்தான். சிலருக்கு அந்த வளர்ச்சியே அரித்துப்போன எலும்புக்குப் பாலமாக நின்று சத்தத்தைக் கடத்திக்கொண்டிருக்கும். அதை எடுத்தால் முன்னைவிடக் குறைவாகத்தான் கேட்கும். அப்படியும் அது வெற்றிதான். ஆனால் வீட்டுக்காரர்கள் "காசும் போச்சு காதும் போச்சு" என்று திட்டிக்கொண்டு செக்கப்புக்குப் போகாமல் விட்டால், நோய் திரும்ப வருவதைப் பார்க்க ஆளில்லை. சொல்லாமல் விட்டதன் விலை இங்கே டாக்டருக்கும் சேர்த்துத்தான்.

நம்ம சப்ஜெக்டுக்கு வருகிறேன். 1872ஆம் வருஷத்து இந்திய ஒப்பந்தச் சட்டம், பிரிவு 13. பிசினஸ் லா பேப்பரில் ரெண்டு மார்க்குக்கு நிச்சயம் வரும். ரெண்டு பேர் ஒரே விஷயத்தை ஒரே அர்த்தத்தில் ஒப்புக்கொண்டால்தான் சம்மதம். டாக்டர் "சக்ஸஸ்" என்றால் கட்டி முழுசாக வந்தது, நரம்பு அறுபடவில்லை, ஒட்டு பிடித்தது. மாமா "சக்ஸஸ்" என்று கேட்டுக்கொண்டது பழைய மாதிரி ஆகிவிடுவேன் என்று. ஒரே வார்த்தை, ரெண்டு அர்த்தம். அவர் கையெழுத்துப் போட்ட படிவம் தமிழில்தான் இருந்தது. ஏற்படக்கூடிய எல்லா விளைவுகளுக்கும் முழுச் சம்மதம் என்று ஒரு வரி. எந்த விளைவு என்று ஒரு வரியும் இல்லை.

மருத்துவச் சம்மதம் பற்றி உச்ச நீதிமன்றம் 2008ல் சமீரா கோலி வழக்கில் பேசியிருக்கிறது. சிகிச்சை என்ன, எதற்கு, மாற்று வழி உண்டா, முக்கியமான ஆபத்துகள் என்ன, செய்யாவிட்டால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டும். எங்கோ ஒருத்தருக்கு வரும் அபூர்வ ஆபத்தையெல்லாம் சொல்லத் தேவையில்லை என்றது தீர்ப்பு. நியாயம்தான். ஆனால் மரத்த மடலும், வேர்க்கிற கன்னமும், சில மாசம் தளர்ந்த உதடும் அபூர்வம் இல்லையே? பிரிட்டன் உச்ச நீதிமன்றம் 2015ல் மான்ட்கோமரி வழக்கில் ஒரு படி மேலே போனது. அந்த நோயாளியின் இடத்தில் இருப்பவருக்கு எது முக்கியமோ அதைச் சொல்ல வேண்டும் என்றது. அதாவது டாக்டர் முதலில் "என்ன வேலை பார்க்கிறீங்க?" என்று கேட்டாக வேண்டும்.

"எல்லாத்தையும் சொன்னா பயந்து ஓடிடுவாங்க" என்பது வழக்கமான பதில். மாமா ஓடியிருக்க மாட்டார். கடைசியில் ஒரு மருத்துவக் கல்லூரி ஓ.பி.யில் ஒரு சின்ன வயசு டாக்டரம்மா ரெண்டே நிமிஷத்தில் விஷயத்தை விளக்கி, ரொம்பத் தொல்லையாக இருந்தால் ஊசி போட்டுச் சில மாசத்துக்கு நிறுத்தலாம் என்றார்கள். மாமா ஊசி வேண்டாம் என்றுவிட்டார். இப்போது கைக்குட்டையோடு ஹோட்டலுக்குப் போகிறார். என்னிடம் சொன்னது இதுதான்: "மொதல்லயே சொல்லிருந்தாலும் அறுத்துக்கிட்டுத்தான் இருப்பேன் மாப்ள. ராத்திரியெல்லாம் முழிச்சு உக்காந்திருக்க மாட்டேன், அவ்ளோதான்."

ஆஸ்பத்திரியிலும் ஒரு கோணல் கணக்கு இருக்கிறது. திரும்ப வராதவர்களை நலமாக இருப்பவர்கள் என்று எடுத்துக்கொள்வது. கடன்காரன் கடைப்பக்கம் வரவில்லை, அதனால் கடனைத் தீர்த்துவிட்டான் என்று பேரேட்டில் எழுதுவோமா? வாரா ஐயக்கடனுக்கு ஒதுக்கு வைப்போம். பரோட்டிட் கட்டி பத்து வருஷம் கழித்தும் திரும்பலாம். அந்தக் காலத்தில் கட்டியை மட்டும் தோண்டி எடுத்தபோது முடிவுகள் ஆரம்பத்தில் பிரமாதமாகத்தான் இருந்தன. வருஷங்கள் போன பிறகுதான் ஐந்தில் ஒருவருக்கும் மேல் திரும்பி வந்தது தெரிந்தது. அப்புறம்தான் நரம்பைத் தேடிப் பிரித்து, சுற்றியுள்ள சுரப்பியோடு சேர்த்து எடுக்கும் முறை வந்து அது சில சதவீதமாகக் குறைந்தது. ஆறு மாசத்தில் புத்தகத்தை மூடியிருந்தால் பழைய முறைதான் ஜெயித்திருக்கும்.

அதனால் ஆபரேஷனுக்குக் கையெழுத்துப் போடப் போகிற யாரும், எத்தனை பர்சண்ட் என்று கேட்பதோடு நிறுத்த வேண்டாம். எதில் அத்தனை பர்சண்ட், எத்தனை நாள் கழித்துப் பார்த்தது, இந்த ஆஸ்பத்திரியில் பார்த்ததா புத்தகத்தில் பார்த்ததா என்று கேளுங்கள். உங்கள் வேலையையும் சொல்லுங்கள். பாடுகிறேன், ஊதுகிறேன், சமைக்கிறேன், போனில் பேசிப் பிழைக்கிறேன் என்று.

ஆஸ்பத்திரிகளிடம் நான் கேட்பதும் பெரிய செலவில்லை. கிளாஸ்கோக்காரர்கள் 1996ல் ஒரு கேள்வித்தாள் தயாரித்தார்கள். ஆபரேஷனுக்குப் பின் வாழ்க்கை எப்படி மாறியிருக்கிறது என்று பேஷண்டையே கேட்கும் 18 கேள்விகள். மார்க் கூட்டல் 100 வரை போகலாம், கழித்தல் 100 வரையும் போகலாம். கழித்தலுக்கு இடம் விட்டிருக்கிற கேள்வித்தாள் என்பதே எனக்குப் பிடித்திருக்கிறது. அதைப் பேச்சுத் தமிழில் மாற்றி, ஒரு வருஷம் முடிந்த பேஷண்டுகளுக்குப் போன் போட்டுக் கேட்க டாக்டர் வேண்டாம், சாயங்காலம் சும்மா இருக்கும் எங்கள் காலேஜ் என்.எஸ்.எஸ். பசங்க போதும். ஆளுக்குப் பத்து நிமிஷம் ஆகும். விசில் அடிக்க முடிகிறதா என்பதைப் பத்தொன்பதாவது கேள்வியாக நானே சேர்த்துக்கொள்கிறேன்.